எழுத்துத் திரையில் பாதுகாப்பான இமெயில்: ஆல்பைன் செட்டிங்ஸ்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் இமெயில் பார்க்க பிரவுசரைத்தான் திறக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் வாங்கியது ரேம் குறைந்த செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் என்றால், ஜிமெயில் பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். படமோ ஐகானோ இல்லாமல், எழுத்துகளை மட்டுமே காட்டும் ஒரு மெயில் புரோகிராம் அங்கே கைகொடுக்கும். அதன் பெயர் ஆல்பைன். இதில் மெயில் பெறுவதையும் அனுப்புவதையும் பாதுகாப்பாக அமைப்பது எப்படி என்று இங்கு பார்ப்போம்.

பைன் தந்த ஆல்பைன்

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு தரத் தொடங்கியது. அப்போது ஷெல் அக்கவுன்ட் வாங்கியவர்கள் மோடம் மூலம் டயல் செய்து, கறுப்புத் திரையில் மெயில் படித்தார்கள். அதற்குப் பயன்பட்ட புரோகிராம் பைன். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் உருவானது. அதே பல்கலைக்கழகம் 2007இல் யூனிகோட் வசதி சேர்த்து ஆல்பைன் என்று வெளியிட்டது. இன்றும் இது இலவசமாகக் கிடைக்கிறது.

எதற்குப் பூட்டு?

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. முத்தியால்பேட்டையில் ஸ்கேன் செய்த பாஸ்போர்ட் நகலும் பென்ஷன் சான்றிதழும் பாரிசுக்கு மெயிலில்தான் போகின்றன. மேலும் பேங்க் முதல் ஃபேஸ்புக் வரை, பாஸ்வேர்ட் மறந்துவிட்டால் புதியதற்கான லிங்க் வருவதும் மெயிலுக்குத்தான். எனவே உங்கள் மெயில் பாஸ்வேர்ட் ஒருவர் கையில் சிக்கினால், மற்ற கணக்குகளின் சாவிகளும் அவருக்குக் கிடைத்த மாதிரிதான்.

மெயிலுக்கு இரண்டு பாதைகள். வந்த மெயிலைப் படிக்க ஐமேப், எழுதிய மெயிலை அனுப்ப எஸ்எம்டிபி. இரண்டுக்கும் தனித்தனி சர்வர், தனித்தனி செட்டிங். ஒன்றைப் பூட்டிவிட்டு மற்றொன்றைத் திறந்து வைத்தால் பாஸ்வேர்ட் அந்த வழியாகப் போய்விடும்.

இரண்டு வகைப் பூட்டு

முதல் வகையில், தொடர்பு தொடங்கும்போதே பூட்டுப் போடப்படுகிறது. இதற்கு ஐமேப் 993, எஸ்எம்டிபி 465 என்ற போர்ட் எண்கள் உள்ளன. இரண்டாம் வகைக்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று பெயர். இதில் தொடர்பு முதலில் பூட்டின்றித் தொடங்கும். பிறகு "இனி பூட்டிக் கொள்வோம்" என்று புரோகிராம் சர்வரிடம் கேட்கும். இதன் போர்ட் எண்கள் ஐமேப் 143, எஸ்எம்டிபி 587.

அந்த முதல் சில நொடிகள்தான் ஆபத்து. நடுவில் இருப்பவர் "பூட்டு வசதி இல்லை" என்று பொய்ப் பதில் தந்து ஏமாற்ற முடியும். 2018இல் வெளியான ஆர்எஃப்சி 8314 என்ற இன்டர்நெட் தர ஆவணம், முதல் வகையையே பரிந்துரை செய்தது. 2021இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் குழு ஒன்று, பல மெயில் புரோகிராம்களிலும் சர்வர்களிலும் ஸ்டார்ட்டிஎல்எஸ் தொடர்பான 40க்கும் மேற்பட்ட குறைகளைக் கண்டறிந்தது. ஆல்பைனிலும் இத்தகைய குறைகள் இருந்தன. அவை 2.23, 2.25 பதிப்புகளில் சரிசெய்யப்பட்டன. ஆகவே உங்களிடம் இருப்பது 2.25 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கட்டும். நாம் முதல் வகைப் பூட்டையே பயன்படுத்துவோம்.

முதலில் ஆப் பாஸ்வேர்ட்

ஜிமெயிலை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். வெளிப் புரோகிராம்களில் வழக்கமான பாஸ்வேர்டைக் கொடுத்து நுழையும் வசதியைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. எனவே பிரவுசரில் கூகுள் அக்கவுன்ட் பக்கம் சென்று, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்யுங்கள். பிறகு அங்குள்ள தேடல் கட்டத்தில் ஆப் பாஸ்வேர்ட்ஸ் என்று தேடித் திறந்து, ஆல்பைன் என்று பெயர் கொடுங்கள். 16 எழுத்துகள் கொண்ட பாஸ்வேர்ட் கிடைக்கும். இது ஒருமுறைதான் காட்டப்படும் என்பதால் குறித்துக் கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் தொலைந்தால் இதை மட்டும் நீக்கினால் போதும்.

அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கு இந்த வழி உதவாது. மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் பாஸ்வேர்ட் மட்டும் கொடுத்து இணைக்கும் முறையை நிறுத்திவிட்டது.

செய்முறை

உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸில் சினாப்டிக் பேக்கேஜ் மேனேஜரைத் திறந்து, ஆல்பைன் என்று தேடி இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு டெர்மினலில் அந்தப் பெயரையே டைப் செய்து என்டர் தட்டுங்கள். கீழே சொல்லும் முகவரிகளை எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் டைப் செய்ய வேண்டும்.

1. மெயின் மெனுவில் எஸ் கீயை அழுத்தினால் செட்டப் வரும். அதில் சி அழுத்தினால் கான்ஃபிக் பட்டியல் வரும். அம்புக்குறி கீகளால் மேலும் கீழும் நகரலாம். ஒரு வரியை மாற்ற சி அழுத்த வேண்டும்.

2. பர்சனல் நேம் வரியில் உங்கள் பெயரைத் தாருங்கள்.

3. எஸ்எம்டிபி சர்வர் வரியில், எஸ்எம்டிபி புள்ளி ஜிமெயில் புள்ளி காம் என்று டைப் செய்து, முக்காற்புள்ளி இட்டு 465 என்று சேருங்கள். தொடர்ந்து ஒரு சாய்கோடு, எஸ்எஸ்எல், மீண்டும் சாய்கோடு, யூசர், சமக்குறி, உங்கள் முழு மெயில் முகவரி.

4. இன்பாக்ஸ் பாத் வரியில் சர்வர் பெயர் கேட்கும். ஐமேப் புள்ளி ஜிமெயில் புள்ளி காம், சாய்கோடு, எஸ்எஸ்எல், சாய்கோடு, யூசர், சமக்குறி, முழு முகவரி. போர்ட் எண் தரத் தேவையில்லை. 993 தானாக எடுத்துக் கொள்ளப்படும். ஃபோல்டர் பெயர் கேட்டால் இன்பாக்ஸ் என்பதே இருக்க வேண்டும்.

5. கஸ்டமைஸ்டு ஹெடர்ஸ் வரியில், ஃப்ரம் என்று டைப் செய்து முக்காற்புள்ளி இட்டு உங்கள் முகவரியைத் தாருங்கள். இதைச் செய்யாவிட்டால் லினக்ஸ் லாகின் பெயரே அனுப்புநர் முகவரியாகப் போய்விடலாம்.

6. ஈ அழுத்தி வெளியேறி, சேமிக்கவா என்று கேட்கும்போது ஒய் அழுத்துங்கள். ஆல்பைனை மூடித் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்கும். ஆப் பாஸ்வேர்டை இடைவெளி இல்லாமல் கொடுங்கள்.

சர்டிஃபிகேட் எச்சரிக்கை வந்தால்

எதிரில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்பதை ஆல்பைன் சர்டிஃபிகேட் மூலம் சரிபார்க்கிறது. பொருந்தாவிட்டால் எச்சரிக்கை காட்டி, தொடரவா என்று கேட்கும். ஒய் அழுத்திவிடாதீர்கள். நோவேலிடேட் செர்ட் என்ற சொல்லைச் சர்வர் முகவரியோடு சேர்த்தால் எச்சரிக்கை நின்றுவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். எச்சரிக்கை நிற்கும், உண்மைதான், சரிபார்ப்பும் நின்றுவிடும். பூட்டு இருக்கும், ஆனால் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாது.

பழைய கம்ப்யூட்டரில் முதலில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சீமாஸ் பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல வருடங்கள் பின்னால் போயிருக்கும். அப்போது நல்ல சர்டிஃபிகேட்டும் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று தெரியும். தேதியைச் சரிசெய்து, பேட்டரியை மாற்றினால் போதும். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், சர்வர் பெயரில் எழுத்துப் பிழை உள்ளதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அந்த நெட்வொர்க்கில் மெயில் பார்க்காதீர்கள்.

சோதித்துப் பார்க்க

சி அழுத்தி உங்கள் முகவரிக்கே ஒரு மெயில் எழுதி, கன்ட்ரோல் எக்ஸ் தட்டி அனுப்புங்கள். அது ஆல்பைனில் வந்து சேர்ந்தால் இரண்டு பாதையும் வேலை செய்கின்றன. பூட்டைப் பார்க்க, பிரவுசரில் அந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ஷோ ஒரிஜினல் கிளிக் செய்யுங்கள். ரிசீவ்டு என்று தொடங்கும் வரியில் ஈஎஸ்எம்டிபிஎஸ்ஏ என்று இருக்கும். கடைசியில் உள்ள எஸ் பூட்டையும், ஏ பாஸ்வேர்ட் சரிபார்ப்பையும் குறிக்கும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இந்தப் பூட்டு உங்கள் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் இடையிலான பாதைக்கு மட்டுமே. சர்வருக்குள் இருக்கும் மெயிலை இது பாதுகாக்காது. பேங்க் பாஸ்வேர்ட், ஏடிஎம் பின் நம்பர் போன்றவற்றை எந்த மெயிலிலும் எழுத வேண்டாம். பொதுக் கம்ப்யூட்டரில் ஆல்பைன் பயன்படுத்தினால், பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்ற கேள்விக்கு என் அழுத்துங்கள்.