வைத்தேனா, வைத்திருக்கிறேனா?

ஆங்கில இலக்கணம் கைவர வேண்டுமானால் தமிழை மறந்துவிட வேண்டும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு நேர்ந்த ஒரு நட்டம் அவ்வெண்ணத்தை மாற்றியது.

ஆய்வுக்கூடத்து மின்உலையில் ஒரு மாதிரிப் பொருளை வைத்துவிட்டு, பொதுக் குறிப்பேட்டில் ‘ஐ கெப்ட் த சாம்பிள் இன் த ஃபர்னஸ்’ என்று எழுதிச் சென்றேன். என்னுடன் பணியாற்றும் வடநாட்டு நண்பர் அதைப் படித்தார். வைத்தவன் எடுத்தும் விட்டான் என்று பொருள் கொண்டார். உலை காலியென்று கருதி, தம் வேலைக்காக வெப்பத்தை மிக உயர்த்திவிட்டார். என் இரண்டு வார உழைப்பு பாழாயிற்று. கடிந்துகொள்ள வாயெடுத்தேன், அவர் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். குற்றம் என் வினைச்சொல்லில் இருந்தது.

தமிழில் எழுதியிருந்தால் ‘வைத்திருக்கிறேன்’ என்றே எழுதியிருப்பேன் அல்லவா? ‘வைத்தேன்’ என்பது நடந்த செயலை மட்டும் சொல்லும். ‘வைத்திருக்கிறேன்’ என்பது அதன் பயன் இப்போதும் நிலைத்திருப்பதைச் சொல்லும். நம் ‘இரு’ என்னும் துணைவினையின் வேலையை ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ செய்கிறது. வைத்தேன் என்றால் கெப்ட். வைத்திருக்கிறேன் என்றால் ஹேவ் கெப்ட். வைத்திருந்தேன் என்றால் ஹேட் கெப்ட். பெரும்பாலும் இவ்வளவே.

ஆனால் இரண்டு இடங்களில் இரு மொழிகளும் பிரிகின்றன.

முதலாவது: ‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்பது தமிழில் வழுவன்று. ஆங்கிலத்திலோ நேற்று, சென்ற வாரம் என்று கழிந்துபோன காலத்தைக் குறித்துவிட்டால் அங்கே ஹேவ் நில்லாது. ‘ஐ ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே’ என்பது பிழை. ‘ஐ சென்ட் இட் எஸ்டர்டே’ என்பதே சரி.

இரண்டாவது: ‘மூன்று ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை அப்படியே பெயர்த்து ‘ஐ ஆம் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்றால் இரண்டு பிழைகள். ‘ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்க. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ஹேவ் வேண்டும்.

சின்ஸ், ஃபார் என்னும் குழப்பத்தைத் தீர்க்கவும் தமிழே துணை. ‘மூன்று மணி நேரமாக’ என்று ‘ஆக’ வந்தால் அது கால அளவு, ஃபார் இடுக. ‘காலையிலிருந்து’ என்று வந்து, செயல் இப்போதும் தொடருமாயின் அது தொடக்கப் புள்ளி, சின்ஸ் இடுக. ‘காலையிலிருந்து மாலைவரை’ என்று முடிவும் கூறினால் ஃப்ரம் வரும்.

இப்போதெல்லாம் குறிப்பேட்டில் இரண்டு வாக்கியங்கள் எழுதுகிறேன். எத்தனை மணிக்கு வைத்தேன் என்பதைக் கெப்ட் என்று முதலில் எழுதி, ‘இட் இஸ் ஸ்டில் இன்சைட்’ என்று அடுத்து எழுதுகிறேன். நண்பர்களே, ஆங்கிலத்தில் எழுதுமுன் தமிழில் திருத்தமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அங்கே ‘இரு’ ஒலித்தால், ஆங்கில வினையை எழுதுமுன் சற்றே நின்று எண்ணுங்கள்.