கணி வைக்க முதல் நாளே தயாராகுங்கள்

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சித்திரைப் பிறப்பும் விஷுவும் பல ஆண்டுகளில் ஒரே நாள், ஏப்ரல் 14. சில ஆண்டுகளில் விஷு 15-க்குத் தள்ளிப்போகும். காலண்டரைப் பார்த்துவிட்டே சாலைக் கடைத்தெருவுக்குக் கிளம்புங்கள்.

விஷுவன்று விடியலில் கண்விழித்ததும் முதலில் காணும் மங்கலப் பொருள்களின் அடுக்கே கணி. அதில் கொன்றைப்பூதான் சீக்கிரம் வாடி உதிரும். முதல் நாள் மாலை வாங்கி, காம்பைத் தண்ணீரில் நிறுத்தி, மேலே ஈரத்துணி போர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் கொன்றை வேண்டவே வேண்டாம்.

உருளியைப் புளி போட்டுத் தேய்ப்பது, நாணயம் துலக்குவது பிள்ளைகள் வேலை. அவர்கள் தூங்கியபின் பெரியவர்கள் அரிசி, கணிவெள்ளரி, தேங்காய், பழம், வால்கண்ணாடி அடுக்கட்டும். விளக்கில் எண்ணெய், திரி போட்டு, தீப்பெட்டியையும் பக்கத்திலேயே வையுங்கள். விடியற்காலை இருட்டில் தேட வேண்டியிருக்காது.

விஷுவன்று பெரியவர்கள் தரும் பணமான கைநீட்டத்துக்குப் புது நோட்டு வேண்டுமா? வங்கிக்கு முந்தைய வாரமே போய்விடுங்கள். கணி கண்டபின் வெள்ளரியை வீணாக்காதீர்கள்; புளிசேரிக்கு அருமையாக இருக்கும்.