அசைவைக் கணிப்பது எங்கே?

கணிப்பொறித் திரையில் ஓர் உருவம் கைவீசி நடக்கின்றது. நொடிக்கு 60 படங்கள் வீதம் அந்நடை கணக்கிட்டுக் காட்டப்படுகின்றது. படமொன்றுக்குக் கிட்டும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லி நொடியே. அதற்குள் கணக்கு முடியாவிடின் நடை தடுமாறும். கணக்கின் படிமுறையை அல்காரிதம் என்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரினின்று பிறந்த சொல் அது. படிமுறை ஒன்றேயாயினும், அதைப் பயன்பாட்டு நிரலுக்குள் மையச் செயலி செய்வதா, வரைகலைச் செயலியிடம் ஒப்படைப்பதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஜீபோர்ஸ் 256 அட்டை, உருமாற்றக் கணக்கையும் ஒளிக் கணக்கையும் தானே செய்தது. ஆயினும் வகுத்துவைத்த முறைப்படி மட்டுமே. 2001இல் வந்த ஜீபோர்ஸ் 3, முனைப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் நாமே எழுதிய சிறு நிரலை ஓட்ட இடந்தந்தது.

உருவத்தின் தோல் 20,000 முனைப்புள்ளிகளாலும், உள்ளுடல் 60 எலும்புகளாலும் ஆனவை எனக் கொள்வோம். ஒவ்வொரு புள்ளியும் நான்கு எலும்புகளுக்குக் கட்டுப்பட்டது. அந்நான்கின் அணிகளாலும் தனித்தனியே பெருக்கி, எடைக்கேற்பக் கூட்டினாலன்றிப் புள்ளியின் புதிய இடம் தெரியாது. படமொன்றுக்கு 80,000 பெருக்கல்கள். நொடிக்கு 48 இலட்சம். இன்றைய மையச் செயலிக்கு இஃது இயலாததன்று. இடர்ப்பாடு சுமத்தலில் உள்ளது. புள்ளியின் இடமும் அதன் பரப்புத் திசையும் சேர்ந்து 24 பைட்டு எனின், படந்தோறும் 4,80,000 பைட்டுகளை அனுப்ப வேண்டும். வரைகலைச் செயலியே கணிக்குமாயின், தோல் ஒருமுறை சென்று அங்கேயே தங்கிவிடும். பின்னர்ச் செல்வன எலும்பணிகள் மட்டுமே. ஒன்றுக்கு 48 பைட்டு வீதம் 2,880 பைட்டுகள்!

அங்ஙனமாயின் அனைத்தையும் அங்கே தள்ளிவிடலாமே எனின், அன்று. எய்த அம்பு தோளில் தைத்ததா என அறிய வேண்டியது பயன்பாட்டு நிரல். விடையோ வரைகலைச் செயலியின் நினைவகத்தில் கிடக்கின்றது. அதைத் திரும்பப் பெறக் காத்திருப்பதில் ஈட்டிய காலமெல்லாம் கரைந்துபோம். ஆதலின் எலும்புகளின் இயக்கத்தை மையச் செயலியிலும், தோலின் இயக்கத்தை வரைகலைச் செயலியிலும் வைப்பது பொதுவழக்கு. அம்பைத் தோலோடு ஒப்பிடாமல், எலும்பைச் சூழ்ந்த எளிய உருளைகளோடு ஒப்பிடுவர். நம் கருத்தில் இதுவே தக்க பங்கீடு.

பறக்கும் தீப்பொறிகளின் நிலை வேறு. தொடக்க இடம், விரைவு, ஈர்ப்பு ஆகியவற்றை முன்னரே தந்துவிட்டால், படந்தோறும் காலம் என்னும் ஓரெண்ணை அனுப்பினாற் போதும். எனினும் இவ்வெளிமையிலும் ஒரு கண்ணி உண்டு. 32 பிட் மிதவைப் புள்ளி எண், 2,62,144 நொடிகளைக் கடந்தபின், அதாவது மூன்று நாள்களுக்குச் சற்று மேல், 1/32 நொடிக்குக் குறைந்த வேறுபாட்டைக் காட்டமாட்டாது. படமோ 1/60 நொடிக்கொன்று மாறுகின்றது. எனவே பொறிகள் நின்று நின்று தாவும். முதல் நாள் சோதனையில் இப்பிழை தலைகாட்டாது. கண்காட்சித் திரைபோல் இடைவிடாது ஓடுமிடத்திலேயே வெளிப்படும். காலத்தைப் பயன்பாட்டு நிரலில் 64 பிட் எண்ணாக வைத்து, பொறியின் சுற்றுக் காலத்தால் வகுத்து, மீதியை மட்டும் அனுப்பின் இத்தாவல் நீங்கும்.