புலியை விடுங்கள், மானைப் பாருங்கள்

முதுமலைக்கோ டாப்சிலிப்புக்கோ முதல் முறை கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "ஐயா, புலி தெரியுமா?" தெரிந்தாலும் தெரியலாம். தெரியாமல் திரும்பிவந்து "ஒன்றுமே பார்க்கலை" என்று சலித்துக்கொள்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புலி வேட்டையாடுவதைப் பார்க்கப் பெரிய அதிர்ஷ்டம் வேண்டும். வேட்டைக்கு ஆளாகாமல் மற்ற விலங்குகள் தப்பிக்கிற வேலையோ பகல் முழுக்க உங்கள் கண்ணெதிரே நடக்கிறது.

1. தலைகளை எண்ணிப் பழகுங்கள். புள்ளிமான் கூட்டம் மேயும்போது எத்தனை தலை குனிந்திருக்கிறது, எத்தனை நிமிர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஓரத்தில் மேய்பவை அடிக்கடி நிமிரும். நடுவில் இருப்பவை நிம்மதியாகத் தின்னும். கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொரு மானும் காவலுக்குச் செலவிடும் நேரம் குறையும். தலை நிமிர்ந்திருக்கும் நேரமெல்லாம் வயிற்றுக்கு நஷ்டம். நீங்கள் வண்டியில் உட்கார்ந்து கூச்சல் போட்டால் அந்த நஷ்டத்தை நீங்கள்தான் கூட்டுகிறீர்கள்.

2. எல்லாக் குரலையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். புள்ளிமான் சட்டென்று மிரளும். அதன் கீச்சொலி ஒருமுறை கேட்டால் பொறுத்திருங்கள், விடாமல் கேட்டால் கவனியுங்கள். கேளையாடு நாய்போலக் குரைக்கும், சில சமயம் காரணமே இல்லாமல் குரைத்துக்கொண்டே இருக்கும். கடமான் அப்படியில்லை. தெற்கே மிளா என்பார்களே, அதுதான். அதன் கனத்த ஒற்றைக் குரல் திரும்பத் திரும்பக் கேட்டால் புலியோ சிறுத்தையோ பக்கத்தில் இருக்கிறது என்று பழைய வேட்டைத்தடுப்புக் காவலர்கள் தயங்காமல் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். மரத்து மேலிருந்து மந்தி குரல் கொடுத்தால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். மந்தி இருக்கும் மரத்தடியில் புள்ளிமான்கள் கூடுவது தற்செயல் இல்லை. மேலே இருப்பது தின்னும்போது தழையும் காயும் கீழே விழும். கூடவே உயரத்திலிருந்து பார்க்கும் கண்ணும் இலவசமாகக் கிடைக்கும். மானின் மூக்கும் காதும் மந்திக்கு உதவும்.

3. "புலியைப் பார்த்த மான் ஏன் ஓடாமல் நிற்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். புதியவர்களுக்கு இது புத்திகெட்ட காரியமாகத் தெரியும். வாலைத் தூக்கி, முன்காலால் தரையைத் தட்டி, புலி இருக்கும் திசையையே வெறித்துப் பார்த்துக் கத்தும். சில சமயம் இரண்டடி முன்னால்கூட வரும். இதில் பெரிய கணக்கு இருக்கிறது. புலியும் சிறுத்தையும் பதுங்கி நெருங்கிப் பாய்கிறவை. நெடுந்தூரம் துரத்தும் மூச்சு அவற்றுக்குக் கிடையாது. "உன்னைப் பார்த்துவிட்டேன்" என்று இரை அறிவித்துவிட்டால் வேட்டை அநேகமாக அங்கேயே முடிந்தது. புலி எழுந்து வேறு பக்கம் நடக்கும். மானுக்குப் பயம் தெரிகிற புலியிடம் இல்லை, தெரியாத புலியிடம்தான். திரும்பி ஓடினால் தெரிகிற புலியும் தெரியாத புலியாகிவிடும்.

செந்நாய் வந்தால் கதை மாறும். அது ஒளிவதில்லை. கூட்டமாக வரும், துரத்தும், சளைக்காது. அதனிடம் "பார்த்துவிட்டேன்" என்று சொல்லி என்ன பயன்? அப்போது ஓடத்தான் வேண்டும். கடமான் பல நேரம் தண்ணீரில் இறங்கிவிடும். அதற்கு நிலைக்கும் ஆழத்தில் செந்நாய் நீந்தித்தான் ஆக வேண்டும். நீந்துகிற நாயைக் காலாலோ கொம்பாலோ சமாளிப்பது எளிது. ஆனால் மாயாற்றில் இறங்கினால் அங்கே முதலை இருக்கிறது. ஓர் எதிரிக்குச் சரியான வழி இன்னொன்றின் வாயில் கொண்டுபோய் விடலாம். ஆகவே எந்த விலங்கின் தற்காப்பைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இது யாருக்கு எதிராக என்பதுதான்.

4. முள்ளம்பன்றி முள்ளை எய்யும் என்று யாராவது சொன்னால் சண்டை போடாதீர்கள், ஆனால் நம்பாதீர்கள். முள் தளர்வாகப் பதிந்திருக்கிறது, பட்டால் கழன்று குத்திய இடத்தில் தங்கிவிடும், அவ்வளவுதான். முதலில் வால் முட்களைக் கலகலவென்று ஆட்டி எச்சரிக்கும். கேட்காவிட்டால் முதுகைக் காட்டிப் பின்பக்கமாகவே பாயும். குமாவுன் மலையில் முக்தேசர் ஆட்கொல்லி எனப் பேர்பெற்ற பெண்புலி, ஒரு முள்ளம்பன்றியோடு மோதி ஒரு கண்ணை இழந்ததாகவும், காலில் ஐம்பது முட்கள்வரை ஏறியதாகவும் ஜிம் கார்பெட் எழுதியிருக்கிறார். இரை பிடிக்க முடியாமல் போன பிறகுதான் அது மனிதர்களைக் கொல்லத் தொடங்கியது.

5. அலுங்கை, அதாவது எறும்புதின்னியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதற்குப் பல் கிடையாது. உடம்பெல்லாம் செதில், நம் நகம் எதனால் ஆனதோ அதே கெராட்டின்தான். ஆபத்து வந்தால் முகத்தையும் வயிற்றையும் உள்ளே மடக்கிப் பந்தாகச் சுருண்டுவிடும். குட்டி இருந்தால் அதையும் உள்ளே வைத்துச் சுருளும். சிறுத்தை உருட்டிப் பார்க்கும், கடித்துப் பார்க்கும், பெரும்பாலும் விட்டுவிட்டுப் போகும். பல லட்சம் ஆண்டுகள் பலித்த உத்தி இது. மனிதன் வந்தான், ஓடாமல் சுருண்டு கிடப்பதை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டான். எந்தப் பல்லுக்கும் உடையாத தற்காப்பு இரண்டு கைகளுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று. 2016-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் (காட்டுயிர் வணிக ஒப்பந்த) மாநாடு எட்டு அலுங்கு இனங்களையும் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. கடத்தல் இன்னும் நிற்கவில்லை. செதில் மருந்து என்று ஊரில் யாராவது விற்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

6. வரையாட்டைப் பார்க்கப் போனால் ஆட்டை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் பாறைச் சரிவு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அது மேய்வது புல்வெளியில். உயிரை நம்பியிருப்பது அந்தச் சரிவை.

7. அசையாமல் இருப்பதும் தற்காப்புதான், அதைக் கெடுத்துவிடாதீர்கள். பக்கி என்கிற பறவை பகலில் சருகோடு சருகாக உட்கார்ந்திருக்கும். மிதிக்கிற தூரம் வரும்வரை எழாது. தேவாங்கு கிளையைப் பிடித்தபடி அப்படியே உறைந்துவிடும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது; தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. அங்கே போனால் முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள். மான் குட்டி புல்லுக்குள் தனியாகப் படுத்திருந்தால் அநாதை என்று எண்ணித் தூக்கி வராதீர்கள். தாய்தான் படுக்க வைத்துவிட்டு மேயப் போயிருக்கிறது. குட்டியைக் "காப்பாற்றுகிறேன்" என்று தூக்கி வருபவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். உங்கள் தலைக்கு மேல் அது கத்தலைக் கூட்டினால் கூட்டை நெருங்குகிறீர்கள் என்று பொருள். தேடாதீர்கள். கால் வைக்கும் இடத்தைப் பார்த்து, வந்த வழியே திரும்புங்கள்.

8. பாம்பு எச்சரித்தால் நன்றி சொல்லிவிட்டு விலகுங்கள். நல்ல பாம்பு படம் எடுப்பதும், கண்ணாடி விரியன் குக்கர் விசில்போலச் சீறுவதும், சுருட்டை விரியன் செதிலோடு செதில் உரசி அரம் ராவும் ஓசை எழுப்புவதும் கடிக்காமல் முடித்துக்கொள்ளத்தான். விஷம் இரை பிடிக்க வைத்திருப்பது. உங்கள்மேல் செலவழிக்க அதற்கு விருப்பமில்லை. கட்டுவிரியனிடம் இந்த எச்சரிக்கையை எதிர்பார்க்காதீர்கள். இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், தரையில் படுக்காதீர்கள்.

9. காட்டுக்குப் போக வசதி இல்லையா? கறிவேப்பிலைச் செடி போதும். கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும். சின்னப் புழு பறவை எச்சம் போலவே இருக்கும். எந்தக் குருவி எச்சத்தைத் தின்னும்? வளர்ந்ததும் இலைப்பச்சைக்கு மாறி, முன்பக்கத்தில் கண் போன்ற புள்ளிகள் தோன்றும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவை ஒன்று நீண்டு நாற்றமடிக்கும். அது எறும்பு போன்ற சிற்றெதிரிகளுக்கு. ஒரே புழு, மூன்று தற்காப்பு, எல்லாம் ஒரே ஆளுக்கு இல்லை.

பட்டாம்பூச்சியாகும்போது வேடிக்கை இன்னும் கூடும். பெண் பூச்சிகளில் ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டு வகைகளும் ஆடுதீண்டாப்பாளையைத் தின்று உடம்பில் நஞ்சு சேர்த்த வேறு இரண்டு பட்டாம்பூச்சிகளின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு பறக்கும். நஞ்சில்லாதது நஞ்சுள்ளதைப் போல நடித்துப் பிழைக்கும் இந்தத் தந்திரத்தை அமேசான் பட்டாம்பூச்சிகளைக் கொண்டு பேட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1862-ல் விளக்கினார். வேஷத்தைப் பிரித்தறிய உடம்பைப் பாருங்கள்: நஞ்சுள்ளவற்றின் உடம்பு சிவப்பு, நடிக்கிறதன் உடம்பு கறுப்பு.

நாலு இலை போகிறதே என்று மருந்தடித்துவிடாதீர்கள். செடி மறுபடி துளிர்க்கும்.