ரீமேப் பண்ணா மைலேஜ் ஏறுமா?

"லேப்டாப்பை கார்ல சொருகி அரை மணி நேரத்துல மைலேஜை 20 சதவீதம் ஏத்திடலாம்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீங்க. அப்பாவோட காரை ட்யூனிங் கடைக்கு ஓட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, உள்ளே என்னதான் மாத்துறாங்கன்னு பார்த்துடுவோம். ஐசி இன்ஜின் பேப்பருக்குப் படிச்சதுல பாதி இங்கே உதவும்.

இன்ஜின் கம்ப்யூட்டர், அதாவது இசியு, ஒரு மைக்ரோகண்ட்ரோலரும் ஃப்ளாஷ் மெமரியும்தான். அந்த மெமரியில் புரோகிராமோடு சேர்த்து நூற்றுக்கணக்கான அட்டவணைகள் இருக்கும். அதைத்தான் மேப் என்கிறோம். எக்ஸெல் ஷீட் மாதிரி நினைச்சுக்கோங்க: ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் லோடு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண். பற்றவைப்பு எத்தனை டிகிரி முன்னாடி, பூஸ்ட் எவ்வளவு, பெடலை இவ்வளவு மிதிச்சா எவ்வளவு டார்க் கொடுக்கணும், இப்படி. ரெண்டு கட்டத்துக்கு நடுவே வந்தால் இன்டர்போலேஷன். ரீமேப் என்றால் ஃபைலை ஓபிடி போர்ட் வழியாகவோ இசியுவைக் கழற்றியோ எடுத்து, இந்த எண்களை மாத்தி, செக்சம்மைச் சரிபண்ணி, திரும்ப எழுதுவது. புரோகிராமில் பெரும்பாலும் கையே வைக்கமாட்டாங்க.

சரி, பெட்ரோல் ஊற்றும் அளவைக் குறைச்சா மைலேஜ் ஏறிடும்தானே? இங்கேதான் நிறைய பேர் சறுக்குறாங்க.

1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிராம் காற்று வேணும். சைலன்சர் பக்கம் இருக்கிற ஆக்ஸிஜன் சென்சார் புகையைப் பார்த்து, கலவை இந்த விகிதத்துக்கு மேலேயா கீழேயா என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதுக்கேத்த மாதிரி இசியு இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். நீங்க கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல படிச்ச அதே குளோஸ்ட் லூப். இப்போ மேப்பில் 5 சதவீதம் எரிபொருளைக் குறைச்சு எழுதினீங்கன்னு வைங்க. சென்சார் "பெட்ரோல் பத்தலை" என்று சொல்லும். இசியு 5 சதவீதம் திரும்பக் கூட்டிடும். ஃப்யூவல் ட்ரிம் என்ற எண்ணில் +5 என்று காட்டுமே தவிர, சீரான ஓட்டத்தில் மைலேஜ் அப்படியேதான் இருக்கும்.

அப்போ அந்த இலக்கு விகிதத்தையே 16, 17 என்று மாத்திட்டா? சிக்கனம் கொஞ்சம் கூடும், அது உண்மை. 1992இல் ஹோண்டா சிவிக் விஎக்ஸ் காரில் இதையே கம்பெனியே செஞ்சது. அதுக்கென்று வைட்பேண்ட் சென்சாரும் தனி வால்வ் அமைப்பும் கொடுத்திருந்தாங்க. ஆனா சாதாரண த்ரீ-வே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், புகையில் ஆக்ஸிஜன் மிச்சமிருந்தால் நைட்ரஜன் ஆக்ஸைடை உடைக்காது. நீங்க மிச்சம் பிடிக்கிற பெட்ரோலுக்கான விலையைப் பின்னாடி பைக்கில் வர்றவரோட நுரையீரல் கட்டும்.

பெட்ரோல் காரில் மிச்சமிருக்கிற வழிகள் சின்னவை. பற்றவைப்பைச் சில டிகிரி முன்னே தள்ளலாம்; ஆனா லேசான லோடில் ஓடும்போது அது ஏற்கெனவே உச்ச டார்க் கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதிக லோடில் தள்ளினா நாக் வரும், பிஸ்டன் போகும். ஃபுல் த்ராட்டிலில் கூடுதலாக ஊற்றும் பெட்ரோலைக் குறைக்கலாம்; அது இன்ஜின் சூட்டைத் தணிக்கத்தான் ஊற்றப்படுது. பெடல் மேப்பை மந்தமாக்கலாம். அதைத்தான் பல கார்களில் எக்கோ பட்டன் செய்யுது, காசில்லாமல்.

டர்போ டீசல் கதை வேற. அங்கே குறைந்த ஆர்பிஎம்மிலேயே டார்க்கைக் கூட்டலாம். அடிக்கடி கியரை இறக்க வேண்டியதில்லை, உராய்வு இழப்பு குறையும், மெதுவாக ஓட்டுறவருக்கு மைலேஜ் நிஜமாகவே கொஞ்சம் ஏறலாம். கூடவே கிளட்ச் தேயும். இன்ஜெக்ஷனை முன்னே தள்ளியோ இஜிஆரை மூடியோ சிக்கனம் தேடினால் மறுபடி அதே நைட்ரஜன் ஆக்ஸைடு. ஃபோக்ஸ்வேகன் விவகாரம் ஞாபகம் இருக்கும். ஸ்டியரிங் அசைவு, வேகம், ஓடும் நேரம் இதையெல்லாம் வெச்சு "இது சோதனைக்கூடம்" என்று மென்பொருளே கண்டுபிடிச்சு அங்கே மட்டும் ஒழுங்காக நடந்துக்கிச்சு. ரோட்டில் வரம்பைவிட 40 மடங்கு வரை புகை. 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் அம்பலமானபோது உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகள் அதில் சிக்கின. அதுவும் ஒரு மேப் வேலைதான்.

காசுக் கணக்கையும் போட்டுடுவோம். லிட்டருக்கு 15 கி.மீ., மாதம் 1,000 கி.மீ., பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் மாதச் செலவு சுமார் 6,667 ரூபாய். ரீமேப்பால் 5 சதவீதம் மிச்சம் என்றே தாராளமாக வைப்போம்: 333 ரூபாய். கடைக்காரர் 15,000 வாங்கினா, போட்ட காசு திரும்ப 45 மாதம். நடுவில் வாரண்டி போனா அது தனிக் கணக்கு. எத்தனை தடவை எழுதப்பட்டோம் என்று பல இசியுக்கள் எண்ணி வெச்சிருக்கும். (சொருகினாலே மைலேஜ் ஏறும் என்று விற்கிற மலிவான ஓபிடி டப்பாக்களில் பலவற்றைப் பிரிச்சுப் பார்த்தவங்க கண்டது எல்இடி சிமிட்டும் சர்க்யூட் மட்டும்தான்.)

அதுக்குப் பதிலா ஒரு ப்ளூடூத் ஓபிடி ரீடரை வாங்கி, போனில் லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம்மைப் பாருங்க. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தா நல்லது. +10, +15 என்று நின்னா காற்றுக் கசிவு, அழுக்கான காற்றளவு சென்சார், பலவீனமான பம்ப் இதில் ஏதோ ஒண்ணு. பழைய காரில் எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் போட்டாலும் ட்ரிம் சில சதவீதம் ஏறும். அந்தக் கலவைக்கு 14.7 இல்லை, சுமார் 13.5தான் விகிதம். அது கோளாறு கிடையாது.

காற்றளவு சென்சார் உள்ள காரா இருந்தா மைலேஜை நீங்களே கணக்கிடலாம். 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது விநாடிக்கு 12 கிராம் காற்று என்று காட்டுதுன்னு வைங்க. 14.7ஆல் வகுத்தா 0.816 கிராம் பெட்ரோல். 3,600ஆல் பெருக்கி, லிட்டருக்கு 745 கிராம் என்று வகுத்தா மணிக்கு 3.94 லிட்டர், அதாவது லிட்டருக்கு 20.3 கி.மீ. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு விகிதத்தையும் அடர்த்தியையும் மாத்திக்கோங்க. இதே அளவீட்டை டயர் காற்று சரிபார்க்கும் முன்னும் பின்னும், ஒரே ரோட்டில், ரெண்டு திசையிலும் எடுங்க. ஓட்டுறவர் ஓட்டட்டும், போனைப் பக்கத்து சீட்டில் இருக்கிறவர் பார்க்கட்டும்.