உப்பு இழக்கும் குழந்தை

அன்புள்ள யாழினி,

குழந்தைகள் வார்டில் உனக்கு ஹவுஸ் சர்ஜன் போஸ்டிங் தொடங்கிவிட்டது என்று உன் அம்மா போனில் சொன்னாள். "இத்தனை அரிய நோய்களை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது, எல்லாம் பரீட்சைக்குத்தானே" என்று நீ அலுத்துக்கொண்டதையும் சொன்னாள். அலுப்பு நியாயமானதுதான். ஹார்மோன் சம்பந்தப்பட்ட பரம்பரை நோய்களின் பட்டியலை முழுக்கப் படித்தவர்களும் பாதியை மறந்துதான் போகிறோம். ஆனால் ஒரே ஒரு நோயை மட்டும் நீ மறக்கக் கூடாது. பாடப்புத்தகத்தில் கஞ்செனிட்டல் அட்ரீனல் ஹைப்பர்பிளேசியா என்று இருக்கும், வார்டில் சி.ஏ.எச். என்போம். இதைப் பிடிப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற ஒரு சாதாரண ரத்த ரிப்போர்ட்டைக் கவனமாகப் படிக்கிற ஆள் போதும். அந்த நேரத்தில் டியூட்டியில் இருக்கப்போவது பேராசிரியர் இல்லை, நீ.

அரியது என்கிறார்களே, அது எவ்வளவு அரியது என்று பார். உலக அளவில் ஏறக்குறைய 15,000 பிறப்புக்கு ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளைச் சோதித்தபோது 5,762க்கு ஒன்று என்று கணக்கு வந்தது. சென்னையில் மட்டும் 2,036க்கு ஒன்று. அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. இந்த நோய் வர, பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் சேர வேண்டும். ஒரே குடும்பத்தில் ஒரே பழுது சுற்றிவருவதால், சொந்தத்தில் மணந்தவர்களிடம் அது சேரும் வாய்ப்பு கூடுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். அட்ரீனல் சுரப்பி கொலஸ்டிராலிலிருந்து மூன்று வகை ஹார்மோன்களைச் செய்கிறது. நோய், காயம், பட்டினி வந்தால் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் கார்ட்டிசால் ஒன்று. சிறுநீரில் உப்பு வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் ஆல்டோஸ்டிரோன் இன்னொன்று. மூன்றாவது ஆண்ட்ரோஜன்கள். முதல் இரண்டையும் செய்ய 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி வேண்டும், மூன்றாவதற்கு வேண்டாம். சி.ஏ.எச். குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நொதிதான் பழுது. கார்ட்டிசால் வரவில்லையே என்று மூளையடிச் சுரப்பி ஏ.சி.டி.எச்.சை மேலும் மேலும் அனுப்பி அட்ரீனலை விரட்டுகிறது. அட்ரீனல் பருத்துப்போய் வேலை செய்கிறது. ஆனால் இரண்டு மடைகள் அடைத்த வாய்க்காலில் தண்ணீர் விட்டால் மூன்றாவது வயல் மூழ்கிப்போவது போல, செய்ததெல்லாம் ஆண்ட்ரோஜனாகவே வழிகிறது.

இப்போது கவனமாகப் படி. கருவிலிருப்பது பெண் குழந்தையானால், அந்த ஆண்ட்ரோஜன் வெளியுறுப்பை ஆண் சாயலுக்கு மாற்றிவிடும். பிரசவ அறையிலேயே யாராவது ஒருவர் திகைத்து நின்று நம்மைக் கூப்பிடுவார்கள். அந்தத் திகைப்பே அவளைக் காப்பாற்றிவிடும். ஆண் குழந்தையிடம் பார்க்க ஒன்றுமில்லை. "நல்லா கொழுகொழுன்னு பையன்" என்று மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் செய்து அனுப்பிவிடுவோம். கிளாசிக் வகை சி.ஏ.எச்.சில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் உப்பை இழக்கும் ரகம். அவன் வீட்டில் இரண்டு, மூன்று வாரம் உப்பை இழந்துகொண்டே இருப்பான். பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் குதிகாலில் ரத்தம் எடுத்து இந்த நோயைத் தேடும் சோதனை இல்லாத ஊர்களில், நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகமாகவும் பையன்கள் குறைவாகவும் இருப்பார்கள். இரு பாலாருக்கும் சமமாகவே வரும் நோய் இது. குறைந்த பையன்கள் எங்கே போனார்கள் என்று நீயே யோசித்துக்கொள்.

அவன் காஷுவாலிட்டிக்கு வரும்போது இப்படித்தான் இருப்பான்: பிறந்து பதினைந்து, இருபது நாள், பால் குடிக்கவில்லை, வாந்தி, எடை பிறந்ததைவிடக் குறைவு, கண் குழிந்து, கை கால் சில்லிட்டு. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ரத்தத்தில் கிருமி. அது தவறில்லை, கிருமிக்கான மருந்தைத் தொடங்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிடாதே. சோடியம், பொட்டாசியம், சர்க்கரை மூன்றையும் பார். சோடியம் 120க்குக் கீழே, பொட்டாசியம் 7க்கு மேலே, சர்க்கரையும் குறைவு என்றால், அது சி.ஏ.எச். இல்லை என்று நிரூபணம் ஆகும்வரை சி.ஏ.எச்.தான். இரைப்பை வாசல் இறுகிப்போன குழந்தையும் இதே வயதில் இதே மாதிரி வாந்தியெடுக்கும். ஆனால் அங்கே அமிலம் வெளியேறுவதால் ரத்தம் காரத்தன்மை கூடி, பொட்டாசியம் இறங்கும். இங்கே நேர்மாறு. சிறுநீர்த் தொற்றும் சில சமயம் இந்த வேஷத்தைப் போடும், அதையும் சோதித்துக்கொள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பச்சிளம் குழந்தையிடம் பிழிந்து எடுத்த ரத்தத்தில் சிவப்பணு உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும். லேபிலிருந்து "சாம்பிள் உடைஞ்சிருக்கு, மறுபடி அனுப்புங்க" என்பார்கள். நீயும் நிம்மதியாக அந்த எண்ணை ஒதுக்கிவிடுவாய். ஒதுக்காதே. மறு சாம்பிள் போய் வருவதற்குள் இ.சி.ஜி. எடு. டி அலை கூராக நிமிர்ந்து நின்றால் பொட்டாசியம் பொய் சொல்லவில்லை.

தாயிடம் இரண்டு கேள்விகள் கேள். கல்யாணம் சொந்தத்திலா? இதற்கு முன் பிறந்து இறந்த குழந்தை உண்டா? இரண்டாவதைப் பெரும்பாலும் தாய் சொல்லமாட்டாள், மாமியார் சொல்வார்: "மூத்தது பையன், இருபதாம் நாள் வாந்தியெடுத்தே போயிடுச்சு, சீர் தட்டிடுச்சும்மா." அந்த ஒரு வாக்கியம் பல சோதனைகளைவிட மதிப்பானது. பிறகு குழந்தையின் மார்க்காம்பையும் விரைப்பையையும் பார். ஏ.சி.டி.எச். மிகுந்தால் அங்கே கருமை ஏறும். மாநிறக் குழந்தைகளில் இது எளிதில் கண்ணுக்குப் படாது, தேடித்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகம் வந்ததும், நொதி பழுதானால் ரத்தத்தில் தேங்கும் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோனுக்கும் கார்ட்டிசாலுக்கும் ரத்தம் எடுத்து வைத்துக்கொள். எடுத்த கையோடு சிகிச்சையைத் தொடங்கு. ரிப்போர்ட் வர நாட்கள் ஆகும், குழந்தைக்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். நார்மல் சலைன் கிலோவுக்கு 20 மில்லி, சர்க்கரை குறைந்திருந்தால் டெக்ஸ்ட்ரோஸ், அதோடு ஹைட்ரோகார்ட்டிசோன் 25 மில்லிகிராம் நரம்பில். பொட்டாசியம் கலந்த டிரிப் எதுவும் கிட்டே வரக் கூடாது. சந்தேகம் தப்பாகவே போனாலும் அந்த ஒரு டோஸ் ஹைட்ரோகார்ட்டிசோனால் பெரிதாகக் கெட்டுவிடாது. கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

மரபணுச் சோதனைக்கு இப்போதெல்லாம் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஆறாம் குரோமோசோமில் சி.ஒய்.பி.21.ஏ.2 என்ற மரபணுவுக்குப் பக்கத்திலேயே ஏறக்குறைய அச்சடித்த மாதிரி, ஆனால் வேலை செய்யாத ஒரு நகல் உட்கார்ந்திருக்கிறது. நோயை உண்டாக்கும் பழுதுகள் பெரும்பாலும் அந்த நகலிலிருந்து இங்கே ஒட்டிக்கொண்டவைதான். அதனால் பொதுவான எக்ஸோம் சோதனை இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பாகப் படித்துவிடலாம். இந்த மரபணுவுக்கென்றே செய்யும் சோதனை வேண்டும். அதுவும் அடுத்த பிள்ளையைப் பற்றிப் பெற்றோரிடம் பேசத்தான் உதவும், அவர்களுக்கு ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இந்தக் குழந்தையின் சிகிச்சை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

பெண் குழந்தை பற்றிச் சொல்ல வேண்டும். 1865இல் நேப்பிள்ஸ் நகரில் லூயிஜி தெ கிரெச்சியோ என்ற உடற்கூறியலாளர், ஆணாகவே வாழ்ந்து நாற்பதுகளில் வாந்தியும் பேதியுமாக இறந்த ஜூசெப்பே மார்சோ என்பவரின் உடலை அறுத்துப் பார்த்தார். உள்ளே கருப்பை, கருமுட்டைப்பை, அளவுக்கு மீறிப் பருத்த அட்ரீனல்கள். இந்த நோயின் முதல் தெளிவான பதிவு அது. அப்படியொரு குழந்தை உன் கையில் வந்தால், பிரசவ அறை அவசரத்தில் ஆண் என்றோ பெண் என்றோ வாயைத் திறந்துவிடாதே. "உறுப்பு இன்னும் முழுசா வளரலை, சில டெஸ்ட் எடுத்துட்டு நாளைக்கோ மறுநாளோ சொல்றோம்" என்று சொல். ஸ்கேனில் கருப்பை தெரியும், குரோமோசோம் சோதனை மீதியைச் சொல்லும். அவள் சிகிச்சையோடு வளர்ந்தால் பிற்காலத்தில் தாயாகவும் முடியும். உறவினர் "உடனே ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று நெருக்குவார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் இப்படிப்பட்ட சிசுக்களுக்குப் பால் மாற்று அறுவை கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு, உயிராபத்தான நிலை தவிர மற்றவற்றுக்குத் தடை விதித்து ஆணை போட்டது. இந்தியாவில் முதலில் இதைச் செய்தது நாம்தான். என்னைக் கேட்டால், அந்தத் தீர்ப்பை மூன்றாமாண்டுப் பாடத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

1950 வரை இந்த நோய்க்கு மருந்தில்லை. அந்த ஆண்டு பால்டிமோரில் லாசன் வில்கின்ஸும் பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் குழுவினரும் தனித்தனியாக கார்ட்டிசோன் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மருந்து, உடம்பில் இல்லாத ஹார்மோனை ஈடுகட்டியதோடு, ஏ.சி.டி.எச்.சின் விரட்டலையும் நிறுத்தி ஆண்ட்ரோஜனையும் இறக்கியது. இன்றும் அடிப்படை அதுதான். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், மூன்று வேளையாக. பச்சைக் குழந்தைக்குக் கணக்குப் போட்டால் ஒரு வேளைக்கு ஒரு மில்லிகிராம்கூட வராது. மாத்திரையைத் தண்ணீரில் கரைத்தால் சீராகக் கலக்காது. பொடித்துப் பொட்டலமாகப் பிரித்து மடிப்பதே மேல். அதோடு உப்பைப் பிடித்து வைக்க ஃப்ளூட்ரோகார்ட்டிசோன், முதல் வருஷம் தினமும் ஒன்றிரண்டு கிராம் சாதாரண உப்பு. "பச்சைப் புள்ளைக்கு உப்பா?" என்று பாட்டி எகிறுவார். பொறுமையாக விளக்கு. தாய்ப்பாலில் உப்பு குறைவு, இந்தக் குழந்தைக்கு அது போதாது என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

டோஸ் குறைந்தால் ஆண்ட்ரோஜன் தலைதூக்கும். குழந்தை மளமளவென்று வளரும், வீட்டில் பெருமைப்படுவார்கள், எலும்பு சீக்கிரமே முற்றிக் கடைசியில் குட்டையாக நின்றுபோகும். டோஸ் கூடினால் உடம்பு பருத்து, உயரம் நின்றுபோகும். இந்தக் கயிற்றின் நடுவில் நடக்க வளர்ச்சி அட்டைதான் கண். வளரும் பிள்ளைக்கு ஹைட்ரோகார்ட்டிசோனுக்குப் பதிலாக, கிடைக்கவில்லை என்று மருந்துக்கடைக்காரர் நீட்டும் டெக்ஸாமெத்தசோனை வாங்காதே என்று தாயிடம் சொல்லி அனுப்பு. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் கிரைனசர்ஃபாண்ட் என்ற மருந்துக்கு, நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக, அனுமதி கிடைத்தது. ஆண்ட்ரோஜனை வேறு வழியில் அடக்கி ஸ்டீராய்டு டோஸைக் குறைக்க உதவுகிறது. நல்ல செய்திதான், ஆனால் அதன் விலை நம் வார்டுக்கு எட்டாது.

சிகிச்சை ஒழுங்காக நடக்கும் வீட்டிலும் ஆபத்து வருவது காய்ச்சல் நாளில். சாதாரண உடம்பு அன்று கார்ட்டிசாலைத் தானே கூட்டிக்கொள்ளும். இந்தக் குழந்தைக்கு நாம்தான் கூட்டிக்கொடுக்க வேண்டும். காய்ச்சல் 101ஐத் தாண்டினால் டோஸ் இரண்டு, மூன்று மடங்கு. மாத்திரை வாந்தியில் போனால் ஊசி: மூன்று வயதுவரை 25 மில்லிகிராம், பள்ளி வயதில் 50, பெரிய பிள்ளைக்கு 100. மாத்திரையை என்ன ஆனாலும் நிறுத்தக் கூடாது. இதைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து கொடு. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் படித்தவுடன் ஊசி போடும்படி இருக்க வேண்டும். "கார்ட்டிசால் குறைபாடு, தாமதம் வேண்டாம்" என்று முதல் வரியில் போடு. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆங்கிலத்தில் எழுதியது பீரோவுக்குள் போய்விடும்.

கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குதிகால் ரத்தச் சோதனை வழக்கமாகிவிட்டது. நாடு முழுவதற்குமான கட்டாயத் திட்டம் இன்னும் இல்லை. உன் மருத்துவமனையில் எடுத்தார்கள் என்றால், 48 மணி நேரத்துக்குப் பிறகு எடுத்ததா, ரிப்போர்ட் எப்போது வருகிறது என்று கேள். மூன்றாவது வாரத்தில் வரும் ரிப்போர்ட்டால் பையனுக்குப் பிரயோஜனமில்லை. குறைமாதக் குழந்தையில் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் அளவு பொய்யாக ஏறும், அதற்காகப் பெற்றோரைப் பயமுறுத்தாமல் இரண்டாவது சாம்பிள் எடு.

நாளைக்குக் காலையில் டியூட்டிக்குப் போனதும் வார்டின் எமர்ஜென்சி டிரேயைத் திறந்து பார். ஹைட்ரோகார்ட்டிசோன் வயல் இருக்கிறதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா, குளுக்கோமீட்டருக்கு ஸ்டிரிப் இருக்கிறதா என்று பார்த்து எனக்குச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா