முதல் பிஸ்டல்: மலிவாக வாங்கலாமா?

10 மீட்டர் இலக்குச் சுடுதல் பழக மலிவான ஏர் பிஸ்டல் போதும், போட்டிக்குப் போதாது.

1. உடனே வாங்காதீர்கள். சில வாரம் பயிற்சிக் கூடத்துப் பிஸ்டலில் சுடுங்கள். எந்தக் கைப்பிடி பொருந்தும் என்று கைக்குத்தான் தெரியும்.

2. விசையை இழுத்துப் பாருங்கள். போட்டி விதி கேட்பது குறைந்தது 500 கிராம் இழுப்பு. மலிவானவற்றில் விசை பெரும்பாலும் அதைவிடக் கனம், குறி விலகிவிடும். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 11.5 மி.மீ.தான். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் விசையில் வேண்டாம்.

3. 4.5 மி.மீ. காலிபரையே கேளுங்கள், போட்டிக்கு அதுதான் விதி.

4. பழைய போட்டிப் பிஸ்டல் கிடைத்தால் அதையே எடுங்கள். காற்று உருளையில் பொறித்த தேதியை முதலில் பாருங்கள். உருளைக்கு ஆயுள் வரம்பு உண்டு.

5. சுட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குண்டு பெரும்பாலும் ஈயம்.